கைத்தீனிக் கிளிக்குஞ்சு வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

11,500 ரூபாய் கொடுத்து வாங்கிய சன் கன்யூர் என்ற கிளி வகையின் குஞ்சு நேற்று முன்தினம் விடியற்காலையில் செத்துப்போனது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே உட்கார்ந்திருக்கிறேன்; ஆறிவிட்டால் நானும் பலரைப் போலப் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

நாங்கள் கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் பாதி மலையாளமுமாக வாழ்கிறவர்களுக்கு, பாலக்காட்டுப் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்தவுடன் “வாங்க அக்கா” என்று ஒருவர் கூப்பிட்டால் மனம் எப்படி இளகும் என்பது தெரியும். அது செல்லப் பறவைகள் விற்கும் கடை; கைப்பேசியில் விற்பனைக் குழு ஒன்றும் நடத்துகிறார்கள். அதில் வந்த படத்தைப் பார்த்துத்தான் என் மகள் இரண்டு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கூடையிலிருந்து குஞ்சை எடுத்துத் துண்டின் மேல் வைத்தார். கூழ் போலக் கரைத்த தீனியைச் சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, அலகின் இடப்பக்கமாக நுழைத்துக் கொடுத்தார். குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி விழுங்கியது. பிறகு சிரிஞ்சை என் மகளின் கையில் கொடுத்தார். குஞ்சு முட்டிய வேகத்தில் அவள் சிரித்த சிரிப்பில் நான் பேரம் பேசவே மறந்துபோனேன். “ஏழு வாரம் ஆச்சு அக்கா, காலைல பன்னண்டு மில்லி, ராத்திரி பன்னண்டு மில்லி போதும், பத்து நாள்ல தானாவே கொறிக்க ஆரம்பிச்சிடும்” என்றார். பில் கேட்டதற்கு, “நமக்குள்ள எதுக்கு அக்கா பில்லு” என்றார். குஞ்சுக்கு 10,000, பெயரோ தேதியோ ஒட்டாத உறையில் தீனித்தூளுக்கும் இரண்டு சிரிஞ்சுகளுக்கும் 1,500, ஆக 11,500 ரூபாயைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிட்டு வந்தேன். கடையில் இருந்தது ஒரு மின்கெட்டிலும் ஒரு பெரிய குவளையும் மட்டுமே என்பதும், வெப்பமானி எதுவும் கண்ணில் படவில்லை என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வருகின்றன.

மறுநாளே குஞ்சு ஓயாமல் கத்தியது. அதற்கடுத்த நாள் காலையில் பார்த்தால், இரவு கொடுத்த தீனி கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் அப்படியே மாவுருண்டை போல நின்றது. கடைக்குப் பேசினேன். அப்போதும் நான் அக்காதான். ஓமத்தண்ணீர் ஒரு சொட்டு கொடுக்கச் சொன்னார். அன்று மாலை தீனிப்பைக்கு மேலே சிறகுக் குருத்துகளுக்கிடையில் ஈரமாக இருந்ததைக் கண்டு, வாயிலிருந்து வழிந்த தீனி என்று நினைத்து ஈரப்பஞ்சால் துடைத்தேன். சற்று நேரத்தில் அதே இடம் மறுபடி நனைந்தது. சிறகை விலக்கிப் பார்த்தபோது, மிளகளவில் கறுத்துக் காய்ந்த ஒரு பொருக்கும், அதன் ஓரத்திலிருந்து கசியும் கூழும் தெரிந்தன. கொடுத்த தீனி தோல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

பாலக்காட்டில் பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். எடை 62 கிராம். அவர் முதலில் கேட்டது, “இதற்கு ஏழு வாரம் என்று யார் சொன்னது?” என்பதுதான். ஏழு வாரக் குஞ்சுக்கு உடல் பெரும்பாலும் இறகால் மூடியிருக்குமாம். இது இன்னும் உறை உடையாத குருத்துகளோடு முள்முள்ளாக இருந்தது, ஏறத்தாழ நான்கு வாரம்தான் இருக்கும் என்றார். அந்த வயதில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இதற்கு ஆறு மில்லி. பன்னிரண்டைத் திணித்தால் மூச்சுக்குழாயில் ஏறிவிடும் அபாயமும் உண்டு. தீனியின் சூடு 39 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் தீனி செரிக்காமல் தேங்கிப் புளிக்கும், 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துபோகும். பசியில் இருக்கும் குஞ்சு சூட்டைப் பொருட்படுத்தாமல் விழுங்கிவிடும். வெந்த இடம் கறுத்து ஓட்டையாகச் சில நாள்கள் ஆகும். இவ்வளவு முற்றிய பொருக்கு இரண்டு மூன்று நாளில் வராது என்றும், வாங்குவதற்கு முன்பே வெந்திருக்கிறது என்றும் அவர் சொன்னார். புண்ணின் ஓரம் தெளிந்த பிறகு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் தைத்து மூட வாய்ப்பிருக்கிறது என்றார். அதுவரை அது தாங்கவில்லை.

மருத்துவர் சொன்னதைச் சொல்லக் கடைக்கு இரண்டாம் முறை பேசினேன். அதுவரை அக்காவாக இருந்த நான் அந்த அழைப்பில் சேச்சி ஆகிவிட்டேன். “நிங்ஙள் சூடு கூட்டிக் கொடுத்ததாணு சேச்சி, ஜீவனுள்ள சாதனமல்லே, கியாரண்டி ஒன்னும் இல்ல” என்று மலையாளத்தில் சொன்னார்; சூட்டைக் கூட்டிக் கொடுத்தது நான்தானாம். மூன்று நாளைக்கு முன் என்னிடம் கோவைத் தமிழ் பேசியவருக்குத் தமிழ் ஒரே இரவில் மறந்துபோயிருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அழைப்பு முடிந்ததும் அவர் சொன்னதே உண்மையோ என்று தீனியின் சூடு பார்க்கச் சொட்டு விட்ட என் மணிக்கட்டையே இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் பழகிய கைக்குச் சூடு எங்கே உறைக்கும்? மூன்றாம் முறை வேறொருவர் எடுத்து, முதலாளி ஊரில் இல்லை என்றார். அன்று மாலையே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். 11,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு பொறுமை இல்லை. கைத்தீனி மறக்காத குஞ்சை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாம் ஊட்டினால்தான் ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் விற்பவரின் பேச்சு. கன்யூர் தானாகத் தின்னப் பழக எட்டு முதல் பத்து வாரமாவது ஆகும்; அவித்த சோளத்தையும் ஊறிய பயறையும் அது தானே கொறித்து விழுங்குவதைக் கடையில் நின்று கண்ணால் பாருங்கள். சிறகை விலக்கித் தீனிப்பையின் தோலைப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மணிக்கட்டை நம்பாமல் ஒரு வெப்பமானியும் கிராம் காட்டும் தராசும் வாங்குங்கள். காலையில் தீனிப்பை காலியாகாவிட்டால் ஓமத்தண்ணீர் தேடாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். சன் கன்யூர் வெளிநாட்டுப் பறவை. 2024-இல் வந்த விதிகளின்படி அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், பில்லும் தாளும் இல்லாமல் எதை வைத்துப் பதிவது? இதற்குப் பதிலாக நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்துத் தருகிறேன் என்று பக்கத்து வீட்டில் ஒருவர் ஆறுதல் சொன்னார். அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதையும் செய்துவிடாதீர்கள்.

பணம் அனுப்பிய பதிவும் “ஏழு வாரம்” என்று அவர் அனுப்பிய குரல் செய்தியும் என்னிடம் இருக்கின்றன. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் நாளை மனு எழுதப்போகிறேன். பாலக்காட்டுப் பக்கம் இதே போல் நான்கு வாரக் குஞ்சை ஏழு வாரம் என்று வாங்கியவர்கள் இருந்தால், குழுவிலிருந்து நீக்கப்படுவதற்கு முன் அந்தக் குரல் செய்திகளை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.