காருக்குள் ஒயர்: ஒட்டுவதா, செருகுவதா, கட்டுவதா?

காரின் முன்கண்ணாடியில் மாட்டும் டேஷ்கேம் கேமராவின் பெட்டியிலேயே, ஒயரைப் பிடித்து வைக்க நாலைந்து பிளாஸ்டிக் கிளிப் கொடுத்துவிடுவார்கள். தாளை உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது, முதல் கோடை வரும்வரை. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பசை இளகி, கிளிப்பும் ஒயரும் சேர்ந்து தொங்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டினால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் அதுவும் எடுபடாது.

என் ஓட்டு செருகுவதற்குத்தான். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ரூஃப் லைனிங்குக்குள் ஒயரை விரலாலேயே தள்ளலாம். கதவோர ரப்பர் பீடிங்கை இழுத்து அதற்குள் இறக்கலாம். பசையும் இல்லை, கழற்றினால் தடமும் இல்லை.

சிக்கல் ஏ-பில்லரில், அதாவது முன்கண்ணாடிக்குப் பக்கவாட்டில் இருக்கும் தூணில். பல கார்களில் பக்கவாட்டில் திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் அங்கே மடிந்து கிடக்கும். விபத்தில் அது மில்லிசெகண்டுகளில் விரியும்; குறுக்கே ஒயர் ஓடக் கூடாது. பில்லர் மூடியில் ஏர்பேக் என்று பொறித்திருந்தால், மூடியைக் கழற்றி, ஒயரை ஏர்பேக்குக்குப் பின்புறமாக விட்டு, ஏற்கெனவே இருக்கும் கம்பெனி ஒயரிங்கோடு சேர்த்துக் கட்ட வேண்டும். சில கார்களில் அந்த மூடியின் கிளிப்புகள் ஒருமுறைதான் பயன்படும். புதிது வாங்கி வைத்துக்கொண்டு கை வையுங்கள். தயக்கமாக இருந்தால் இந்த இடத்தை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

எதால் கட்டுவது? வீட்டில் கிடக்கும் இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம். சூட்டில் அதன் பசை கசிந்து, பழைய வெல்லப்பாகு மாதிரி கையில் பிசுபிசுக்கும். டெசா 51608 போன்ற, துணி மாதிரி மெத்தென்ற ஃப்ளீஸ் டேப் சூட்டைத் தாங்கும். பிளாஸ்டிக்கில் ஒயர் உரசும் கறகற சத்தத்தையும் அடக்கும்.

வாலை இழுத்து இறுக்கும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை பிடித்தால் விடாது. பெடலுக்கு மேலேயும் ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்திலும் நான் அதைத்தான் நம்புவேன். அங்கே ஒயர் அவிழ்ந்து தொங்கினால் பிரேக்கில் சிக்கும். ஒயர் நசுங்கும்படி இறுக்கக் கூடாது. வாலை ஒட்ட நறுக்காவிட்டால் அடுத்த முறை ஃப்யூஸ் பாக்ஸில் கை விடும்போது கீறும். மிச்ச ஒயரைச் சுருட்டி வைக்க வெல்க்ரோ பட்டை போதும்.

பின்கேமராவின் ஒயர் கதை வேறு. டிக்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் அது மடங்கும். அங்கே கிளிப்பும் டேப்பும் நிற்காது. கம்பெனி ஒயர் போகும் ரப்பர் குழாய்க்குள்ளேயே நுழைத்து, கதவு முழுசாகத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வாக விட வேண்டும்.