வேலூர்க்காரரின் சனிக்கிழமை இரவு: பப்பா, சத்தமில்லாத பாரா, சுக்குக் காபியா?

காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை இரண்டு மணி நேரச் சொச்சம், பெங்களூரு இன்னும் கொஞ்சம் கூட. கையில் நாலு காசு வந்த வேலூர்ப் பிள்ளைகளுக்கு வார இறுதி என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான். அங்கே போய் எதில் உட்காருவது என்பதில்தான் இப்போது போட்டி. ஒரு பக்கம் வழக்கமான பப். இன்னொரு பக்கம் வெல்னஸ் பார்: மது இல்லை, டிஜே இல்லை, மங்கலான விளக்கு, கொம்புச்சா என்ற புளிக்க வைத்த தேநீர், அஸ்வகந்தா கலந்த மாக்டெயில்.

பப்புக்கு உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். ஆடணும் என்றால் அங்கேதான் ஆட முடியும். தெரிந்த முகம் எதுவும் பார்க்காத இடத்தில் இரண்டு மணி நேரம் இருப்பதே சிலருக்குப் பெரிய விடுதலை. ஆனால் பழைய நண்பனோடு பேசலாம் என்று போனால் "என்னடா சொன்ன?" என்று கேட்டே ராத்திரி முடிந்துவிடும். காதுக்கும் கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் மிச்சம் கால் மணி நேரம்தான். ஸ்பீக்கர் பக்கத்து மேசை கிடைத்தவர்கள் யோசிக்கலாம். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் கலைந்து கலைந்து போகும். வண்டி ஓட்டிப் போய் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் காட்டினால், முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

சரி, அமைதியான பார்? உட்கார்ந்து பேச அருமையான இடம். பெண்கள் தனியாக வந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த வழக்கம் ஒன்றும் புதிதில்லை. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் பொழுது சாய்ந்ததும் காவா என்ற வேர்ச்சாற்றைக் குடித்துவிட்டு, குறைந்த வெளிச்சத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இடிப்பது மெனு கார்டுதான். அஸ்வகந்தா நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில் அமுக்கராக் கிழங்கு என்று கிடைப்பதுதான். மன அழுத்தத்துக்கு அதைச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலும் தினமும் 300 முதல் 600 மில்லிகிராம் சாறு என்று வாரக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு கிளாஸில் கவலை தீரும் என்பது வியாபாரப் பேச்சு. கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடிப் பானத்திலும் கொம்புச்சாவிலும் தேயிலை இருப்பதால் கஃபீன் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மாட்சாவைக் குடித்துவிட்டு நிம்மதியான தூக்கத்தை எதிர்பார்ப்பது வேடிக்கை. கொம்புச்சா புளிக்க வைத்தது என்பதால் துளி ஆல்கஹாலும் இருக்கும். அறவே வேண்டாம் என்பவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்கலாம்.

மூன்றாவதாக நம்ம ஊர். குடிக்கிற பொருளை மட்டும் பார்த்தால் வேலூர் தோற்காது. சுக்கு மல்லிக் காபியில் காபித்தூள் போடாவிட்டால் கஃபீனே கிடையாது. கோடையில் நன்னாரி சர்பத், பானகம். அப்புறம் ஆவாரம்பூத் தேநீர். பெருநகரத்தில் கண்ணாடிக் குவளையில் ஊற்றி நூற்றுக்கணக்கில் விலை போடுவதை இங்கே சில்லறைக் காசுக்குக் குடிக்கலாம்.

ஆனால் நின்றுகொண்டேதான் குடிக்கணும். வெயில் கொளுத்துகிற ஊரில் மனிதர்கள் மூச்சு விடுவதே சாயங்காலத்துக்கு மேல்தான். அந்த நேரத்தில் சாவகாசமாக உட்கார இடமில்லை. பூங்காவில் இருட்டினால் எழுப்பிவிடுவார்கள். டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் தாண்டினால் கடைக்காரர் முகம் மாறும். மாலை ஷிஃப்ட் முடித்து வருகிற நர்ஸ் பெண் தோழியோடு அங்கே உட்காரவே யோசிப்பார். டாஸ்மாக் பாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் தமிழக அரசு ஆணை போட்டது. இரண்டு பேர் நடத்தும் சுக்குக் காபிக் கடைக்கு அதனால் பலனில்லை.

வெல்னஸ் பார் வாங்குகிற காசு அந்த நாற்காலிக்குத்தான் என்பது என் கணிப்பு. எனவே ஆட்டம்தான் நோக்கம் என்றால் பப்புக்கே போங்கள். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து, ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு வாருங்கள். பேசத்தான் என்றால் அமைதியான பாரில் இருப்பதிலேயே விலை குறைந்த இஞ்சி, எலுமிச்சை ஏதாவது சொல்லிவிட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேச வேண்டிய ஆள் வேலூரிலேயே இருந்தால் ரயில் எதற்கு? ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி, யார் வீட்டிலாவது மொட்டை மாடி, இரண்டு பாய். மாடி இல்லாதவர்களுக்காக, காட்பாடி ரோட்டில் யாராவது பத்து நாற்காலி போட்டு ஒரு கடை திறந்தால் முதல் மாதமே வாடகை தேறும் என்று நினைக்கிறேன்.