மனைவி படிக்கிறார், எனக்கு வேலை போனது: ‘ஹெல்ப் டு கிளெய்ம்’ எப்படி?

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறோம். பிப்ரவரியில் எனக்கு வேலை போனது, மனைவி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, முழுநேரப் படிப்பு. வீட்டில் ஒருவர் ஸ்டூடண்ட் என்றால் யூனிவர்சல் கிரெடிட் (வேலை இல்லாதவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) கிடைக்காது, வீணாக அலையாதே என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சொல்ல, நானும் நம்பி மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன். அது தவறு. இப்போது படிப்பில் இல்லாத துணைக்குத் தகுதி இருந்தால் ஜோடியாகவே விண்ணப்பிக்கலாம். இதைச் சொன்னது, யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்க உதவ சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ‘ஹெல்ப் டு கிளெய்ம்’ சேவை. போனில் பேசலாம், இலவசம்.

போனை எடுத்த அம்மா முதலில் கேட்டது என் வேலையைப் பற்றி இல்லை, மனைவியின் ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் (அரசின் கல்விக் கடன்) கடிதத்தை. டியூஷன் ஃபீ கடனைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வாழ்க்கைச் செலவுக்குத் தரும் மெயின்டனன்ஸ் லோனைத்தான் வருமானமாக எடுத்துக்கொள்வார்கள்: படிப்பு நடக்கும் மாதங்களுக்குப் பிரித்து, மாதம் 110 பவுண்டைத் தள்ளிவிட்டு, மீதியை நமக்கு வரவேண்டிய தொகையில் கழித்துவிடுவார்கள். கோடை விடுமுறைக்கு இந்தக் கழிவு கிடையாது. இதெல்லாம் சரி, ஆனால் என் மனைவி கடன் சுமை வேண்டாம் என்று அந்த லோனை வாங்கவே இல்லை! வாங்காவிட்டாலும், வாங்கியிருக்கக்கூடிய முழுத் தொகையை வாங்கியதாகவே வைத்துக் கழிப்பார்களாம். போன் ஸ்பீக்கரில் இருந்தது, இருவரும் அப்படியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கல்வியாண்டு தொடங்கி ஒன்பது மாதம் வரை லோனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவரே சொன்னார், அன்று ராத்திரியே போட்டோம்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார், எனக்கு இதுதான் பெரிய ஆறுதல். கடந்த இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தில் பிடிக்கும் அரசுக் காப்பீட்டுப் பணம்) கட்டியிருந்தால் நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ (ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ், வேலை தேடுபவர்களுக்கான உதவித்தொகை) தனியாகக் கேட்கலாம், அதற்குத் துணையின் படிப்போ லோனோ சேமிப்போ ஒரு பொருட்டே இல்லை, அதிகபட்சம் 182 நாள் கிடைக்கும். யூனிவர்சல் கிரெடிட்டும் வாங்கினால் அந்தப் பணம் அதில் முழுதாகக் கழியும். இருவர் சேமிப்பும் சேர்த்து 16,000 பவுண்டைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை, ஜேஎஸ்ஏ உண்டு.

ஊரிலிருந்து ஸ்டூடண்ட் விசாவில் வந்திருப்பவர்கள் கவனம். யூனிவர்சல் கிரெடிட் ‘பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (இப்படி விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்கக் கூடாத அரசு உதவிகள்) பட்டியலில் இருக்கிறது, நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ அதில் இல்லை. துணை அந்த விசாவில் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே விவரம் கேட்டுவிடுங்கள்.

படிவம் நிரப்பும்போதும் அந்த அம்மா கூடவே இருந்தார். கணவன் மனைவி இருவரும் ஆன்லைனில் தனித்தனி யூனிவர்சல் கிரெடிட் கணக்கு தொடங்க வேண்டும், ஒருவர் திரையில் வரும் இணைப்புக் குறியீட்டை மற்றவர் போட்டால்தான் இரண்டும் ஒன்று சேரும். மனைவி குறியீட்டில் ஒரு எழுத்தைத் தவறவிட்டார், அவர் அவசரப்படுத்தாமல் மறுபடி ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னார். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்தப் பொறுமை எவ்வளவு பெரிய விஷயம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

முதல் முழுத் தொகை கைக்கு வரும் வரைதான் இந்தச் சேவை. விண்ணப்பித்து அது வர சுமார் ஐந்து வாரம் ஆகும், அதனால் எங்களைப் போல நாள் கடத்தாதீர்கள். கூப்பிடும்போது துணையின் லோன் கடிதம், இருவரின் வங்கி விவரம், வாடகை ஒப்பந்தம் மூன்றும் மேசைமேல் இருக்கட்டும்.