டேவிஸா, ரோட்ரிகஸா: மேல்வரிசை இடம் யாருக்கு?

எடைப்பிரிவுகளைக் கணக்கில் கொள்ளாமல், எல்லோரும் ஒரே உடலளவில் இருந்தால் யார் சிறந்தவர் என்று கேட்டு வரிசைப்படுத்தும் ‘பவுண்டுக்குப் பவுண்டு’ பட்டியலில், அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜெர்வான்டா டேவிஸுக்கு எந்த இடம் என்ற கேள்வி பல ஆண்டுகளாகத் தீராமல் இருக்கிறது. ஆண்டு முடிவில் குத்துச்சண்டை பார்க்கும் நண்பர்களோடு சேர்ந்து பத்துப் பேரை வரிசைப்படுத்தும்போது, உசிக், இனோவே போன்றோரின் இடத்தில் எனக்குத் தடுமாற்றம் வருவதில்லை. அவர்களுக்கு அடுத்த நிலையில் டேவிஸை வைப்பதா, ஜெஸ்ஸி ரோட்ரிகஸை வைப்பதா என்பதில்தான் கை நின்றது. யோசித்துப் பார்த்து ரோட்ரிகஸை முதல் ஐவருக்குள் வைத்தேன். டேவிஸுக்குப் பத்தில் இடம் கொடுக்கவில்லை. அந்த முடிவுக்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

இருவரும் இடக்கை வீரர்கள், இருவரும் தோற்றதில்லை. பால்டிமோரைச் சேர்ந்த டேவிஸ் முப்பது வெற்றிகளில் இருபத்தெட்டை நாக் அவுட்டில் பெற்றவர், ஒரு சண்டை சமன். சான் அன்டோனியோவைச் சேர்ந்த ரோட்ரிகஸ் 2025 முடிய இருபத்து மூன்று சண்டைகளில் இருபத்து மூன்றையும் வென்றவர். டேவிஸ் சண்டையிடுவது 130 முதல் 140 பவுண்டு வரையிலான பிரிவுகளில். ரோட்ரிகஸின் களம் 112, 115 பவுண்டு.

திறமையை மட்டும் வைத்துப் பார்த்தால் டேவிஸ் பக்கம் சாய்வதில் தவறே இல்லை. 2020 அக்டோபரில் லியோ சான்டா குரூஸை அவர் வீழ்த்திய ஆறாம் சுற்றை மீண்டும் போட்டுப் பாருங்கள். கயிற்றோரம் ஒதுங்கியதுபோல் நின்று, எதிராளி வலக்கையை நீட்டும் கணத்துக்காகக் காத்திருந்து, அந்தக் கை வந்துசேரும் முன்பே கீழிருந்து மேல்நோக்கி எழும் இடக்கை அப்பர்கட் குத்தைத் தாடையில் இறக்கினார். சான்டா குரூஸ் தரையில் விழுவதற்கு முன்பே நினைவிழந்துவிட்டார். 2023 ஏப்ரலில் லாஸ் வேகஸில் ரயான் கார்சியாவை ஏழாம் சுற்றில் முடித்த அடியும் அதே வகைதான்: ஈரலின் மேல் விழுந்த ஓர் இடக்கைக் குத்து. கார்சியா ஓரடி பின்வாங்கிய பிறகுதான் வலி அவரை எட்டியது. முழங்காலிட்டவர் எண்ணிக்கை முடியும்வரை எழவில்லை. எதிராளியின் பழக்கத்தைச் சில சுற்றுகளில் படித்துவிட்டு ஒரே அடியில் கணக்கைத் தீர்க்கும் இந்த ஆற்றல் இன்றைய வீரர்களில் மிகச் சிலருக்கே உண்டு. தொடக்கச் சுற்றுகளில் மிகக் குறைவாகவே குத்துகிறார் என்ற குறையை, இந்த ஆற்றலை வைத்துத்தான் பலரும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் பட்டியல் என்பது யாரை, எப்போது, எந்த நிபந்தனையில் வென்றார் என்பதற்கான பதிவு என்றே நான் கருதுகிறேன். இந்த ஒரு காரணமே என் முடிவைத் தீர்மானித்தது என்பதால் இதைச் சற்று விரித்தே எழுத வேண்டும்.

டேவிஸ் 2017 ஜனவரியில் ஹோசே பெத்ராசாவை ஏழாம் சுற்றில் வீழ்த்தி, ஒவ்வோர் எடையிலும் உலகப் பட்டம் வழங்கும் நான்கு அமைப்புகளில் ஒன்றான ஐ.பி.எஃப்.பின் பட்டத்தைப் பெற்றபோது அவருக்கு வயது 22, எதிராளி தோல்வியறியாதவர். அப்பழுக்கற்ற வெற்றி அது. அதே ஆண்டு ஆகஸ்டில் எடை கூடியதால் அந்தப் பட்டத்தைத் தராசிலேயே இழந்தார். 2019 இறுதியில் 135 பவுண்டுக்கு வந்தார். அடுத்த ஐந்தாண்டுகளில் அந்த எடையைச் சுற்றி நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள்: 2020 இல் லோமசெங்கோவை லோபஸ் வென்றார், 2021 இல் லோபஸை கம்போசஸ் வென்றார், 2022 இல் கம்போசஸை வென்று நான்கு பட்டங்களையும் ஹேனி தன் கையில் சேர்த்துக்கொண்டார், 2023 இல் லோமசெங்கோவுக்கு எதிராக அவற்றைக் காத்துக்கொண்டார். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியிலும் டேவிஸ் இல்லை. ஹேனி எல்லாப் பட்டங்களையும் வைத்திருந்த காலத்தில் டேவிஸின் கையில் இருந்தது டபிள்யூ.பி.ஏ. அமைப்பின் இரண்டாம் நிலைப் பட்டமே. 2021 இல் மாரியோ பாரியோஸிடமிருந்து 140 பவுண்டில் பெற்றதும் அதே வகையானது. அந்த எடையின் நான்கு முதன்மைப் பட்டங்களும் அப்போது ஜோஷ் டெய்லரிடம் இருந்தன. மூன்று எடைகளில் உலகப் பட்டம் வென்றவர் என்று அறிவிப்பாளர் முழங்கும்போது, கேட்பவர் இந்த வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

டேவிஸின் பெயரோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் இரு வெற்றிகளையும் இதே அளவுகோலில் பார்க்கலாம். சான்டா குரூஸ் 118 பவுண்டில் முதல் பட்டம் வென்று படிப்படியாக மேலேறியவர், உடலளவில் சிறியவர். 140 பவுண்டை ஒட்டிய எடையில் அதற்கு முன் சண்டையிட்டு வந்த கார்சியாவோ 136 பவுண்டுக்கு இறங்க ஒப்புக்கொண்டதோடு, சண்டை நாள் காலையில் மீண்டும் தராசில் ஏறி 146 பவுண்டைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையையும் ஏற்றிருந்தார். அந்த ஈரல் அடியின் தரத்தை இது குறைக்காது. ஆனால் வெற்றியின் எடையைக் குறைக்கிறது.

இப்போது ரோட்ரிகஸின் பதிவைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் கார்லோஸ் குவாட்ராஸுடன் மோதவிருந்த ஸ்ரீசாகெட் உடல்நலமின்றி விலகியபோது, சில நாள் அவகாசத்தில், தன் எடையைவிட மேலான 115 பவுண்டில் குவாட்ராஸைச் சந்தித்து, மூன்றாம் சுற்றில் தரையில் தள்ளி, புள்ளிகளில் வென்றார். 22 வயதில் டபிள்யூ.பி.சி. பட்டம். அதே ஆண்டு ஜூனில், ரோமன் கோன்சாலெஸை இருமுறை வென்றிருந்த ஸ்ரீசாகெட்டையே எட்டாம் சுற்றில் நிறுத்தினார். பிறகு 112 பவுண்டுக்கு இறங்கி, 2023 டிசம்பரில் சன்னி எட்வர்ட்ஸை ஒன்பது சுற்றுகளுக்கு மேல் தொடரவிடாமல் செய்து இரு பட்டங்களை இணைத்தார். எட்வர்ட்ஸ் அதுவரை தோற்றதில்லை. பிடிபடாத காலசைவுக்காகவே அறியப்பட்டவர். அவர் விலகும் கோணத்தை முன்கூட்டியே அடைத்து, அங்கே இடக்கையை வைத்துக் காத்திருந்த ரோட்ரிகஸின் பாத வேலையை நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூனில் மீண்டும் 115 பவுண்டில், அந்த எடையின் டபிள்யூ.பி.சி. சாம்பியனாக இருந்த எஸ்ட்ராடா. நான்காம் சுற்றில் எஸ்ட்ராடாவை வீழ்த்தியவர், ஆறாம் சுற்றில் தானே ஒரு வலக்கை அடியில் தரையைத் தொட்டார். எழுந்து, நிதானம் குலையாமல், ஏழாம் சுற்றில் விலாவுக்கு ஓர் இடக்கைக் குத்து. எஸ்ட்ராடாவால் எழ முடியவில்லை. 2025 ஜூலையில் தோல்வியறியாத காஃபு. நவம்பரில் ரியாத்தில், இயோகாவை இருமுறை வென்று தோல்வியறியாமல் வந்த ஃபெர்னாண்டோ மார்டினெஸ். இருவரையும் பத்தாம் சுற்றில் முடித்து, அந்த எடையின் நான்கு பட்டங்களில் மூன்றைச் சேர்த்துவிட்டார். தன்னைச் சோதிக்கக்கூடிய எதிராளி யார் இருக்கிறாரோ அவரையே அடுத்துச் சந்திப்பது என்ற ஒழுங்கு இந்தப் பதிவு முழுவதிலும் தெரிகிறது.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கவையும் உண்டு. ரோட்ரிகஸைச் சந்தித்தபோது ஸ்ரீசாகெட்டுக்கு 35 வயது; எஸ்ட்ராடாவுக்கு 34, அதற்கு முன் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் அவர் களமிறங்கவில்லை. எட்வர்ட்ஸ் அடுத்த ஆண்டே கலால் யஃபாயிடமும் வீழ்ந்தார். ஆகவே அந்த மூன்று வெற்றிகளுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மார்டினெஸ் வெற்றிக்குப் பிறகே அந்தத் தயக்கம் பெரிதும் நீங்கியது. சிறிய எடைகளை நான் நெருக்கமாகப் பின்தொடரத் தொடங்கியது அண்மையில்தான் என்பதால், அங்குள்ள ஆழத்தைப் பற்றிய என் மதிப்பீட்டை நெடுங்காலம் பார்த்துவரும் ஒருவர் திருத்தக்கூடும். டேவிஸ் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது: லோமசெங்கோ, லோபஸ், ஸ்டீவன்சன் ஆகியோர் சண்டைகளை ஏற்பாடு செய்யும் வேறொரு நிறுவனத்தின் கீழ் இருந்தவர்கள், தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் குறுக்கே நின்றன. எஸ்ட்ராடாவும் ரோட்ரிகஸும் ஒரே மேட்ச்ரூம் நிறுவனத்தில் இருந்ததால் அந்தச் சண்டையை அமைப்பது எளிதாக இருந்தது. ஆயினும் கட்டணக் காட்சியை லட்சக்கணக்கில் விற்கும் வீரர் உறுதியாகக் கேட்டால் நடக்காத சண்டை குறைவு. கார்சியாவும் வேறு நிறுவனத்தவர்தான். அந்தச் சண்டை நடந்தது.

2025 மார்ச் 1 அன்று புரூக்ளினில் லமோன்ட் ரோச்சுடன் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஐந்து பவுண்டு கீழிருந்து மேலேறி வந்தவர் ரோச். ஒன்பதாம் சுற்றில் முன்கையால் நேராக விடும் ஜாப் குத்து ஒன்றை வாங்கிய டேவிஸ், தாமாகவே முழங்காலிட்டு, பிறகு தம் மூலைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நடுவர் அதை வீழ்ச்சியாகக் கணக்கிடவில்லை. ஒருவர் 115-113 என்று டேவிஸுக்குக் கொடுக்க, மற்ற இருவரும் 114-114 என்று எழுதியதால் சண்டை சமனில் முடிந்தது. அந்த முழங்காலுக்கு விதிப்படி புள்ளி பிடித்திருந்தால் ரோச் வென்றிருப்பார். ஒரே இரவை வைத்து ஒரு வீரரை எடைபோடுவது சரியல்ல என்பதால், என் முடிவுக்கு இதை அடிப்படையாக்கவில்லை. ஆனால் இந்த இரவைத் தாங்கிக்கொள்ளப் பின்னால் ஒரு லோமசெங்கோவோ ஒரு ஹேனியோ அவர் பதிவில் இல்லை என்பதுதான் சிக்கல். ஆறாம் சுற்றில் தரையைத் தொட்டதற்காக ரோட்ரிகஸின் இடத்தை யாரும் கேள்வி கேட்காததற்குக் காரணம், அவரை வீழ்த்தியவர் எஸ்ட்ராடா என்பதும், அடுத்த சுற்றிலேயே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்பதும்.

என் கணக்கில் டேவிஸ் இப்போது பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில் நிற்கிறார். 135 அல்லது 140 பவுண்டில், கூடுதல் எடை நிபந்தனை எதுவும் இல்லாமல், அந்த எடையின் முதல் இருவரில் ஒருவரை அவர் வென்றால் அன்றே அவரைப் பத்துக்குள் கொண்டுவருவேன். ரோட்ரிகஸுக்கு மேலே வைக்க அப்படிப்பட்ட இரண்டு வெற்றிகளாவது வேண்டும்.