ஐந்து வருடமாக டி-10எம்: ஓட்டியவனின் புலம்பலும் பாராட்டும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. நான் ஓட்டியது கணினித் திரையில். நிஜ டி-10எம் என்ற சோவியத் கனரக டாங்கியைப் பார்க்க வேண்டுமானால் மாஸ்கோவுக்கு மேற்கே இருக்கும் குபிங்கா அருங்காட்சியகம் வரை போக வேண்டும். அதற்குக் காசும் லீவும் இன்னும் ஒரே மாதத்தில் எனக்கு அமையவில்லை. ஆனால் ஐந்து வருடம், வாரத்துக்கு மூன்று நாலு ராத்திரி, பெரும்பாலும் இந்த ஒரே வண்டி. விளையாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் மேல் எனக்கு வேறு கணக்கு பாக்கி இருக்கிறது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என் பழைய போர்ப் பதிவுகள் முழுக்கக் காணாமல் போய்விட்டன, கேட்டால் பதில் இல்லை. அது தனிக் கதை.

விளையாட்டின் கோளாறு என்று நினைத்து நான் திட்டியதில் பாதிக்கு மேல் நிஜ வண்டியின் கோளாறு என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. திட்டிவிட்டு, சரி, உண்மையில் எப்படி இருந்தது என்று தேடிப் படிப்பேன். அப்படித்தான் இந்த டாங்கி எனக்குள் இறங்கியது.

தொடங்கியது டி-10எம்முக்கு முந்தைய சோவியத் கனரக டாங்கியான ஐஎஸ்-3இல். அதைக் கையில் எடுத்த எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். மற்ற டாங்கிகளில் எதிரியைப் பார்த்ததும் வண்டியைக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பி நிறுத்துவோம். அப்போது முன்தகடு சாய்ந்து நிற்பதால் வரும் குண்டு கடக்க வேண்டிய இரும்பின் தடிமன் கூடும். ஐஎஸ்-3இல் அப்படி நிறுத்தினால் செத்தோம். அதன் மூக்கு ஒரே தகடு இல்லை. இரண்டு தகடுகள் நடுவில் கப்பலின் முன்பகுதி போல ஒரு விளிம்பில் சேர்கின்றன. நேராக நின்றால் இரண்டுமே இரண்டு திசையில் சாய்வு, எதிரிக்கு ஒன்றும் கிடைக்காது. லேசாகத் திருப்பினால் அதில் ஒரு தகடு எதிரிக்கு நேர் எதிரே வந்து நிற்கும். முதல் இரண்டு மாதம் நான் ஒவ்வொரு ராத்திரியும் இதை மறந்தேன்.

ரஷ்யர்கள் இந்த அமைப்பை 'ஷூச்சி நோஸ்' என்பார்கள். ஷூகா என்ற கூர்மூக்கு ஆற்றுமீனின் மூக்கு என்று பொருள். 1945 செப்டம்பர் 7 அன்று பெர்லினில் நடந்த வெற்றி அணிவகுப்பில் 52 ஐஎஸ்-3கள் வரிசையாகப் போனபோது, மேடையில் நின்ற அமெரிக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளைக் கவலைப்பட வைத்தது இந்த மூக்கும் அதன் மேலே கவிழ்த்த சட்டி மாதிரி இருந்த டரட்டும்தான் (டரட் என்பது பீரங்கியோடு சுழலும் மேல்கூடு). அந்தக் கவலையிலிருந்துதான் பிறகு பிரிட்டனின் கான்கரரும் அமெரிக்காவின் எம்103உம் வந்தன. இரண்டும் கனரக டாங்கிகள், இரண்டிலும் 120 மிமீ பீரங்கி. மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியாத விஷயம், அவசரத்தில் கட்டிய அந்த வண்டியில் மூக்கு வெல்டிங்குகள் விரிசல் விடும், எஞ்சின் தாங்கிகள் தளரும், கியர்பாக்ஸ் படுத்தும். 2,300 சொச்சம் வண்டிகளைச் செய்து முடித்தபின், 1948இலிருந்து நாலைந்து வருடம் அவற்றைத் திரும்ப அழைத்து, கோளாறு நீக்கும் வேலையே தனித் திட்டமாக நடந்தது. கார் கம்பெனிகள் வண்டியைத் திரும்ப அழைக்கும்போது எனக்கு இப்போதெல்லாம் பெர்லின் அணிவகுப்புதான் ஞாபகம் வருகிறது.

நடுவில் வந்த ஐஎஸ்-4, ஐஎஸ்-7 இரண்டையும் நான் அதிகம் ஓட்டவில்லை. 60 டன் எடையுள்ள ஐஎஸ்-4 நிஜத்திலேயே பாலங்களுக்கு ஆகாமல் தூரக் கிழக்குக்கு அனுப்பப்பட்டது. ஐஎஸ்-7 விளையாட்டில் ராஜா, காகிதத்திலும் ராஜா: 68 டன், 130 மிமீ பீரங்கி, 1,050 குதிரைத்திறன், 60 கிலோமீட்டர் வேகம். உற்பத்திக்குப் போகவே இல்லை. இதையெல்லாம் பார்த்து அலுத்த ராணுவம் 50 டன்னுக்குள் ஒரு கனரக டாங்கி வேண்டும் என்று 1949இல் கோடு போட்டது. அந்தக் கோட்டுக்குள், ஜோசஃப் கோட்டின் என்ற பொறியாளரின் தலைமையிலான வடிவமைப்புக் குழு செய்த வண்டிதான் நம்ம ஆள்.

பெயர் மாறிய வேகம்தான் வேடிக்கை. ஐஎஸ்-5, ஐஎஸ்-8, ஐஎஸ்-9, ஐஎஸ்-10 என்று போய்க்கொண்டே இருந்தது. ஐஎஸ் என்றால் இயோசிஃப் ஸ்டாலின். 1953 மார்ச்சில் அவர் இறந்தார். அதே வருடம் நவம்பரில் டாங்கி ராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது பெயர் வெறும் டி-10. பெயரை மாற்றியவர்கள் ஒரு இரும்புத் தகட்டைக்கூட மாற்றவில்லை.

ஐஎஸ்-3இலிருந்து டி-10எம்முக்கு மாறியதும் முதலில் உணர்வது ஓட்டம். ஐஎஸ்-3இல் 46 டன்னை 520 குதிரைத்திறன் இழுக்கிறது, டன்னுக்குப் பதினொன்று சொச்சம். டி-10எம்மில் 51.5 டன்னுக்கு 750 குதிரைத்திறன், டன்னுக்குப் பதினாலரை. மேட்டில் ஏறும்போது வித்தியாசம் தெரியும். நேர் சாலையில் 50 கிலோமீட்டர் போகும். எதிரில் கான்கரர் 65 டன்னைத் தூக்கிக்கொண்டு அசைந்து வரும்போது இதை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் சுற்றிப் போகலாம். கனரக டாங்கியில் இப்படி ஒரு சுகம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. (திரையில் இரண்டையும் பிரித்தறியக் கீழ்ச் சக்கரங்களை எண்ணுங்கள்: ஐஎஸ்-3க்கு ஆறு, டி-10க்கு ஏழு. அப்புறம் பீரங்கி முனையில் வரிசையாகப் பிளவுகள் இருந்தால் அது டி-10இன் மேம்பட்ட வடிவமான டி-10எம்.)

அடுத்த சுகம் ஸ்டெபிலைசர். ஐஎஸ்-3 ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு வானத்துக்கும் போகும், மண்ணுக்கும் போகும். டி-10எம்மில் பீரங்கி மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் இலக்கை விட்டு நகராமல் நிற்கும். இது ஒரே நாளில் வரவில்லை. 1953 வண்டியில் அது கிடையாது. 1956இன் டி-10ஏயில் மேல்கீழ் மட்டும் வந்தது, 1957இன் டி-10பியில் இரண்டு திசையிலும். அதே 1957இல் புதுப் பீரங்கி எம்-62, புது எஞ்சின், இரவுப் பார்வைக் கருவிகள், 12.7 மிமீ இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதிலாக 14.5 மிமீ என்று எல்லாவற்றையும் சேர்த்து எம் வந்தது. அந்த 14.5 மிமீ துப்பாக்கியைப் பற்றித் தனியாக நாலு பத்தி எழுதலாம். மெல்லிய கவசம் போட்ட வண்டிகளை அது பிய்த்து எறியும். என் வெற்றிகளில் வெட்கப்படும் அளவுக்கு ஒரு பங்கு பெரிய பீரங்கியால் வந்ததே இல்லை.

இனி புலம்பல்.

லோடர், அதாவது பீரங்கியில் குண்டு நிரப்புபவன். ஐயோ, லோடர். நான் ஒரு முறை சுட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரத்தில், எதிரி இரண்டு முறை சுட்டுவிடுகிறான். விளையாட்டில் வேண்டுமென்றே ரஷ்ய வண்டியை மட்டம் தட்டியிருக்கிறார்கள் என்று ஒரு வருடம் நம்பினேன். நிஜத்திலும் நிமிடத்துக்கு மூன்று அல்லது நாலு குண்டுதான். காரணம் எளிது: 122 மிமீ குண்டு ஒரு துண்டாக வராது. 25 கிலோ எடையுள்ள குண்டு தனி, அதைத் தள்ளும் மருந்து அடைத்த குப்பி தனி. முதலில் குண்டு, பிறகு குப்பி. ஐஎஸ்-3இல் லோடர் இரண்டையும் கையாலேயே தள்ள வேண்டும். டி-10இல் தள்ளுவதற்கு ஒரு மின்விசைக் கருவி உண்டு, ஆனால் தூக்கித் தட்டில் வைப்பது அவன் கைதான். அதுவும் ஓடும் வண்டியில், அந்தக் குனிந்த டரட்டுக்குள். அமெரிக்கர்கள் இதே பிரச்சினைக்கு எம்103இல் இரண்டு லோடர்களை உட்கார வைத்தார்கள். சோவியத் தீர்வு, இருக்கும் ஒருவனையே வேகமாக வேலை செய்யச் சொல்வது. இத்தனைக்கும் உள்ளே மொத்தம் 30 குண்டுதான். கண்டபடி சுட்டால் சண்டை பாதியில் இருக்கும்போதே கையை விரிக்க வேண்டியதுதான்.

அடுத்தது, மேட்டு விளிம்பில் நின்று கீழே இருப்பவனைச் சுட முடியாது. பீரங்கி முனையைத் தாழ்த்தினால் உள்ளே அதன் பின்பக்கம் உயரும். டரட் கூரை தாழ்ந்திருப்பதால் உடனே இடிக்கும். அந்தத் தாழ்ந்த டரட்தான் எதிரி குண்டை வழுக்கிப் போக வைக்கிறது, அதே டரட்தான் குன்றுகள் உள்ள வரைபடத்தில் என்னைக் குருடனாக்குகிறது. சமவெளியில் முன்னேறித் தாக்கத்தான் இதை வடிவமைத்தார்கள். மலைப்பாங்கான வரைபடம் வந்தால் நான் இப்போது வேறு வண்டியை எடுத்துவிடுகிறேன்.

கவசம் எப்படி? முன்னால் வருபவனிடம் பிரமாதம், பக்கத்தில் வருபவனிடம் ஒன்றுமில்லை. இதற்கு நிஜச் சாட்சி டி-10இடம் இல்லை, ஏனென்றால் அது ஒரு டாங்கிப் போரையும் பார்க்கவில்லை. வேறு நாட்டுக்கு விற்கவும் இல்லை. 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போன படையில் டி-10எம்கள் இருந்தன, அது வண்டியைச் சோதிக்கும் சண்டை அல்ல. சாட்சி சொல்ல வேண்டியது அண்ணன் ஐஎஸ்-3தான். 1967இல் சினாயில் எகிப்திய ஐஎஸ்-3எம்களை (திருத்தி மேம்படுத்திய ஐஎஸ்-3கள்) இஸ்ரேலியர்களின் 90 மிமீ பீரங்கிகளால் முன்பக்கத்தில் துளைப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் பக்கவாட்டில் சுற்றி வந்தார்கள், வேகமாகச் சுட்டார்கள். சுமார் நூறில் எழுபதுக்கும் மேல் போயிற்று. பிடிபட்டவற்றில் சிலதைச் சூயஸ் கரையோரம் தங்கள் பார்-லெவ் அரணில் மண்ணில் புதைத்துக் காவல் பீரங்கியாக வைத்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த ராத்திரி நான் மெதுவாகச் சுடும், முன்பக்கம் மட்டும் பலமான என் வண்டியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டி-10ஐ முடித்தது எதிரி இல்லை. 1960 ஜூலையில் கபுஸ்தின் யார் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் ஆயுதங்களைப் பார்வையிட்ட சோவியத் தலைவர் குருஷ்சேவ் 37 டன்னுக்கு மேல் டாங்கியே வேண்டாம் என்று தடை போட்டார். நாலு சங்கிலியில் ஓடும் ஆப்ஜெக்ட் 279 உட்பட, அடுத்த தலைமுறைக் கனரக முயற்சிகள் எல்லாம் அதோடு அருங்காட்சியகத்துக்குப் போயின. அவர் ஏவுகணைப் பைத்தியம் என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது முழு நியாயமாகப் படவில்லை. அடுத்த வருடமே சேவைக்கு வந்த டி-62ஐப் பாருங்கள்: சரியாக 37 டன், குழலுக்குள் வரிப்பள்ளம் இல்லாத 115 மிமீ மென்குழல் பீரங்கி, இறகு வைத்த ஊசிக்குண்டு நொடிக்கு 1,600 மீட்டருக்கு மேல் பாயும். என் டி-10எம்மின் கவசக்குண்டு நொடிக்கு 950. பதினாலு டன் இரும்பைக் கூடுதலாகச் சுமப்பதற்கு அப்புறம் என்ன காரணம் மிஞ்சும்? நம் ஆவடியில் கட்டிய டி-72கூட 41 டன்தான், மூன்றே பேர், லோடருக்குப் பதில் இயந்திரம்.

ஆனாலும் தயாரிப்பு உடனே நிற்கவில்லை; லெனின்கிராடும் செல்யாபின்ஸ்கும் அறுபதுகளின் நடு வரை கட்டிக்கொண்டிருந்தன. இந்த இரண்டு ஆலைகளும் ஒரே டி-10எம்மை வேறு வேறு கியர்பாக்ஸ் போட்டுக் கட்டின, லெனின்கிராடில் ஆறு கியர், செல்யாபின்ஸ்கில் எட்டு. உதிரிபாகம் தேடிய ரெஜிமெண்ட் மெக்கானிக்கை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 1962இல்தான் ஆறு கியருக்கே எல்லோரும் வந்தார்கள். படைப்பிரிவுகளிலிருந்து விலகிய வண்டிகள் கிடங்குகளில் கிடந்தன, சில சீன எல்லையோரம் நிலையான அரண்களாயின. அதிகாரபூர்வமாக ரஷ்ய ராணுவப் பட்டியலிலிருந்து நீங்கியது 1993இல்.

இந்த வம்சம் லேசில் சாகாது என்பதற்கு ஒன்று. 2014 கோடையில் கிழக்கு உக்ரைனின் கோஸ்த்யாந்தினிவ்காவில் நினைவுச் சின்னமாகப் பீடத்தில் நின்ற ஒரு ஐஎஸ்-3ஐப் பிரிவினைவாதிகள் ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போனார்கள். எழுபது வருடத்தை நெருங்கும் வண்டி! என் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் ஒரு மழைக்காலம் நின்றாலே கிளம்பாது.

புதிதாகத் தொடங்குபவர் கேட்டால் என்ன சொல்வேன்? முதல் வண்டியாக இது வேண்டாம். பொறுமை வேண்டும், எதிரியை எப்போதும் நேர் முன்னால் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், ஒவ்வொரு குண்டையும் எண்ணிச் சுட வேண்டும். அது வந்துவிட்டால் விட மனசு வராது. டி-62 வாங்கத் தேவையான புள்ளிகள் என்னிடம் போன தீபாவளிக்கே சேர்ந்துவிட்டன. இன்னும் வாங்கவில்லை.