‘கை பழகிரும்’ என்று சொன்னால் பேட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்

பாலக்காடு மாவட்டத்து எல்லையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஷட்டில் ஆடுகிறவர்கள் கவனத்துக்கு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நரம்புக் கட்டு போட்டு, கைப்பிடியில் சுற்றும் கிரிப் மாற்றி வந்த மூன்று பேட்டுகள் இப்போது எங்கள் கோர்ட்டில் இருக்கின்றன. அவற்றைப் பிடித்து ஆடிய மூன்று பேருக்கும் ஒரு வாரத்துக்குள் கை கொப்புளித்துவிட்டது. கட்டுக்கு 550, கிரிப்புக்கு 200, ஆக 750 ரூபாய். பில் கிடையாது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டால் ஒரே பதில்: “புதுசுல அப்படித்தானுங்க தம்பி, கை பழகிரும்.”

பழகாது. காய்ப்பது வேறு, கொப்புளிப்பது வேறு. நாள்பட, கொஞ்சம் கொஞ்சமாக உரசினால் தோல் தடித்துக் காய்த்துப்போகும். கொப்புளம் அப்படி வருவதில்லை. மேல்தோல் கிரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே இருக்கும் எலும்பும் சதையும் முன்னும் பின்னும் இழுபடும்போது தோலின் அடுக்குகள் பிரிந்து நடுவே நீர் கோக்கிறது. லேசாக வேர்த்த கையில் இந்த ஒட்டல் இன்னும் அதிகம். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பேட் ஏன் கைக்குள் திரும்புகிறது?

மூன்றில் ஒன்றின் கிரிப்பை மேசையில் வைத்துப் பிரித்தோம். மேலே புது ஓவர்கிரிப் (அடிக் கிரிப்பின்மேல் சுற்றும் மெல்லிய நாடா), வெள்ளை. அதற்கடியில் வேர்வையில் கறுத்துப்போன பழைய ஓவர்கிரிப். அதற்கும் அடியில் இன்னொன்று. அதன்மேல் பாக்கெட்டில் வரும்போது இருக்கும் கண்ணாடித்தாள் பாதிவரை உரிக்காமலே கிடந்தது. அடிமுனையில், உள்ளங்கை வந்து உட்காரும் இடத்தில், ஆபீஸ் ஸ்டேப்ளரால் அடித்த பின் ஒன்று. ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ‘கிரிப் மாற்றினோம்’ என்றால் அந்தக் கடையில் இதுதான் அர்த்தம்.

சாதாரண ஓவர்கிரிப் 0.6 மி.மீ. கனம். ஒரு சுற்று ஏறினால் கைப்பிடியின் விட்டம் 1.2 மி.மீ. கூடும், சுற்றளவு கிட்டத்தட்ட 3.8 மி.மீ. கூடும். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தால் சுற்றளவு 7.5 மி.மீ. அதிகம், விளிம்பு ஏறி உட்காரும் இடங்களில் அதற்கும் மேல். யோனெக்ஸ் கம்பெனியின் கைப்பிடி அளவில் ஜி 5 என்பது ஜி 4-ஐவிட மெலிது. எண் ஏற ஏறக் கைப்பிடி மெலியும். கை சின்னது என்று ஜி 5 தேடி வாங்கியவருக்கு, அவருக்கே தெரியாமல் ஒரு சைஸ் பெரிய பேட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு கெடுதலும் உண்டு. கைப்பிடிக்கு எட்டுப் பட்டை. பேட்டின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலுக்குச் சொல்வதே அந்தப் பட்டைகள்தான். மூன்று சுற்று ஏறியதும் அது உலக்கைபோல உருண்டையாகிவிடும். பட்டை தெரியாததால் விரல் இறுக்கிப் பிடிக்கும், இறுக்கியும் நிற்காது, திரும்பும்.

கொப்புளம் வந்த இடத்தைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆள்காட்டி விரலின் அடியிலும் கட்டைவிரலின் உட்பக்கத்திலும் வந்தால் பேட் திரும்புகிறது: கிரிப் வழவழத்துப்போயிருக்கும், இல்லை கனம் கூடியிருக்கும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம் வந்தால் அடிமுனையைத் தடவிப் பாருங்கள்: பின், மடிப்பு, கிரிப் தொடங்கும் இடத்தில் புடைப்பு ஏதாவது கிடைக்கும். தோலில் குறுக்காகக் கோடுகோடாகச் சிவந்தால் ஓவர்கிரிப்பின் விளிம்பு எழும்பியிருக்கிறது. மூன்றாவது பேட் இடக்கைக்காரருடையது. வலக்கைக்குச் சுற்றுகிற திசையிலேயே அதற்கும் சுற்றித் தந்திருந்தார்கள். சோதிப்பது சுலபம். ஆடும்போது பிடிப்பதுபோலப் பிடித்து, உள்ளங்கையால் அழுத்தி முறுக்குங்கள். விளிம்பு படிந்தால் சரி, சுருண்டு எழும்பினால் திசை தப்பு.

கொப்புளம் இல்லாமல் கட்டைவிரல் மூட்டிலும் முன்கையிலும் வலி மட்டும் இருந்தால் நரம்புக் கட்டைச் சந்தேகப்படுங்கள். நரம்பின் இறுக்கம் 23 பவுண்டு போதும் என்று சொல்லிக் கொடுத்த பேட்டுக்கு அவர்களாகவே 27 இழுத்துவிட்டு, “டைட்டா இருந்தாத்தான் அடி போகும்” என்றார்களாம். கைப்பிடிக்கு மேலே, தண்டு தொடங்கும் கூம்புப் பகுதியில் எத்தனை பவுண்டு வரை என்று அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டினால் ஃப்ரேம் ஒருநாள் உடையும். தாண்டாவிட்டாலும், இறுக்கம் ஏற ஏற நரம்பில் நன்றாக அடிபடும் நடுப்பகுதி சுருங்கும். நடு தப்பி ஓரத்தில் பட்ட ஒவ்வொரு அடிக்கும் பேட் கைக்குள் ஒரு முறுக்கு முறுக்கும். அப்புறம் வலியோடு கொப்புளமும் வரும். இங்கே ஆடிக் காற்றில் திறந்தவெளியில், நைலான் ஷட்டில்காக்கில் ஆடுகிறவர்களுக்கு நடுவில் படுவதே பாதிதான். புதிதாக ஆடுகிறவருக்கு 20 முதல் 24 பவுண்டு போதும், நரம்பு 0.70 மி.மீ. கனம் இருக்கட்டும், உழைக்கும்.

இனிக் கடைக்குப் போனால் உட்கார்ந்து பார்த்துச் செய்து வாங்குங்கள். இதைவிட நல்லது, நீங்களே சுற்றுவது. பத்து நிமிட வேலை. பழைய ஓவர்கிரிப் அத்தனையையும் அவிழ்த்து, கம்பெனி ஒட்டியிருக்கும் அடிக் கிரிப் வரை வாருங்கள். அது பொடிந்தோ நொய்ந்தோ போயிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். புது ஓவர்கிரிப்பின் கண்ணாடித்தாளை முழுக்க உரியுங்கள். கூராக வெட்டியிருக்கும் முனையை அடிமுனையில் வைத்து, அங்கே மட்டும் ஒரு முழுச் சுற்று. பிறகு லேசாக இழுத்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன்மேல் 2, 3 மி.மீ. ஏறும்படி மேலே வாருங்கள். பாதிக்குப் பாதி ஏற்றினால் ஒன்று வாங்கி இரண்டு சுற்றிய கனம் வந்துவிடும். கைப்பிடி முடியும் இடத்தில் மீதியைச் சாய்வாக வெட்டி, கூட வரும் டேப்பால் ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம்.

போலி ஓவர்கிரிப் வேறு ஏராளமாக ஓடுகிறது. முதல் நாள் பசைபோல ஒட்டும், இரண்டாம் நாள் மேல்பூச்சு உருண்டு அழுக்காக விரலில் வரும், அடியில் வெறும் வழவழப்பு. 1.2 மீட்டர் இருக்க வேண்டியது பாதிக் கைப்பிடியைத் தாண்டியதும் இழுத்துப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்தால் அதுவும் ஓர் அடையாளம். நல்ல சரக்கே ஆனாலும், கை வேர்க்கிறவர்கள் எட்டுப் பத்து மணி நேர ஆட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் துண்டுக் கிரிப் (டவல் கிரிப்) சிலருக்கு ஒத்துவரும்; வேர்வையைக் குடிக்கும். ஆனால் அது கனமானது, அடிக் கிரிப்பைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும், உறைக்குள் ஈரத்தோடு போட்டு மூடினால் நாறிப்போகும்.

அதே கடையில் கொப்புளத்துக்கு மருந்துபோல ஜிம் கையுறையும் முகப்பவுடரும் விற்றிருக்கிறார்கள். கையுறை மாட்டினால் இன்னொரு அடுக்கு, பட்டை சுத்தமாகத் தெரியாது. முகப்பவுடர் வேர்வையில் குழைந்து சேறாகும். சின்னத் துண்டு ஒன்றைக் கோர்ட் ஓரத்தில் வைத்துக்கொண்டு, இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் கையைத் துடைப்பது இரண்டையும்விட மேல்.

எல்லாப் பழியையும் கடைமேல் போடவும் முடியாது. கைகுலுக்குவதுபோலத் தளர்வாகப் பிடித்து, காக் படும் நொடியில் மட்டும் விரலை இறுக்க வேண்டும். கேமின் முதல் பாயின்டிலிருந்து கடைசிவரை இறுக்கிப் பிடித்தே ஆடுகிறவருக்கு எந்தக் கிரிப்பும் காவல் நிற்காது.

தோல் சூடாகி எரியத் தொடங்கியதும் ஆட்டத்தை நிறுத்தி டேப் ஒட்டுங்கள். தாள்போன்ற மைக்ரோபோர் வேர்வையில் கழன்று வந்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் துணிபோல விறைப்பாக இருக்கும் ஜிங்க் ஆக்சைடு டேப் கேளுங்கள். கையை ஸானிட்டைஸரால் துடைத்து, காய்ந்தபின் சுருக்கமில்லாமல் ஒட்டவும். விரலைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டாம். கொப்புளம் வந்தேவிட்டால் மேல்தோலைப் பிய்க்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு கிடையாது. சின்னதானால் அப்படியே விடுங்கள். விண்ணென்று புடைத்து வலித்தால், சோப்பால் கழுவி, ஸ்டெரைல் ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்து, தோலை மேலேயே விட்டுக் கட்டுப் போடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை வீட்டில் செய்யக் கூடாது. சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் யாரானாலும் டாக்டரிடம் போக வேண்டும். காய்ப்பு ஏறியவர்கள் குளித்ததும் நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) லேசாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். காய்ப்பின் விளிம்பு தடுக்கினால் அதற்கடியிலேயே கொப்புளிக்கும்.

பணம் போனவர்களுக்கு: பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். கடை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில் என்று தயங்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது பாலக்காட்டிலேயே, மனுக் கொடுக்கலாம். நீங்கள் கடைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். பேசும்போது பணம் அனுப்பிய யுபிஐ ரசீதும், பிரித்த கிரிப்பின் படமும் கையில் இருக்கட்டும். அந்த ஸ்டேப்ளர் பின்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.