பாரிஸில் சட்டி வாங்க எங்கே, சாப்பிட எங்கே

பாரிஸில் பாத்திரக்கடை தேடுகிறவர்கள் கடைசியில் தெஹிலெரனில் போய்த்தான் நிற்பார்கள். 1820-இல் தொடங்கிய கடை, பச்சை முகப்பு, கூரை வரைக்கும் அடுக்கிய சாமான், ஆணியில் தொங்கும் செம்புச் சட்டிகள், கீழே நிலவறையில் ஓட்டல்காரர்களுக்கான அண்டாக்கள். சில நிமிட நடையில், மோன்மார்த்ர் தெருவில் மோரா இருக்கிறது. அது இன்னும் பழசு, 1814. ஆனால் வெளிச்சமும் புதுசுமான கடை என்பதால் யாரும் அங்கே நின்று படம் எடுப்பதில்லை. இரண்டும் அந்தப் பேட்டையில் இருப்பதற்குக் காரணம் லெ ஆல் என்ற உணவுப்பொருள் மொத்தச் சந்தை. 1969-இல் சந்தை ஊருக்கு வெளியே ரன்ஜிஸுக்குப் போய்விட்டது, கடைகள் அங்கேயே தங்கிவிட்டன.

சுற்றிப் பார்க்க தெஹிலெரன், வாங்க மோரா என்பது என் கட்சி. தெஹிலெரனில் பல சாமான்களில் விலைக்குப் பதில் எண்தான் இருக்கும், கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டிச் சொல்வார், சொன்ன விலை வரி சேர்த்தா சேர்க்காமலா என்று உடனே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் 20% வரி சின்ன விஷயம் இல்லை. மோராவில் கேக் அச்சு, க்ரீம் பிழியும் மூக்கு, கத்தி எல்லாம் கையெட்டும் தூரத்தில், நிதானமாகப் பார்க்கலாம்.

செம்பைப் பார்த்து மயங்காதீர்கள். கையில் எடுத்ததும் மணிக்கட்டு கீழே இறங்கும், அவ்வளவு கனம். பழைய பாணிச் சட்டிக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கும். அது 232 டிகிரியில் உருகிவிடும், வெறும் சட்டியை அடுப்பில் வைத்து மறந்தால் போச்சு, மறுபடி பூச ஆள் தேட வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்யாது. அதைவிட கார்பன் ஸ்டீல் வாணலி வாங்கலாம். நம் தோசைக்கல் மாதிரியேதான்: எண்ணெய் தடவிப் பழக்கணும், ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்று முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு, ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால்தான் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அங்கே எழுபது, இங்கே அறுபது என்று பிரித்தால் இரண்டும் வீண். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கத்தி வாங்கினால் செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

சரி, சாப்பாடு. கூட்டம் நிற்கும் இடம் ஷார்தியே, 1896-இல் வந்த புய்யோன். உழைப்பாளிகளுக்கு மலிவாக மாட்டிறைச்சிச் சூப் ஊற்றிய கடைகளுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். உயர்ந்த கூரை, கறுப்பு வெயிஸ்ட்கோட் போட்ட சர்வர்கள், பில்லை மேசை விரிப்புக் காகிதத்திலேயே கிறுக்கிக் கூட்டிக் காட்டுவார்கள். முட்டை மயோனெஸ் சில யூரோதான். சமையல் சுமார்தான், பொய் சொல்வானேன். விலைக்கும் அந்தக் கூடத்துக்கும் போகலாம்.

ருசிக்கு வேறு வழி: சின்னத் தெருவில், வாசலில் கரும்பலகையில் கையால் எழுதிய நாலைந்து ஐட்டம் மட்டும் வைத்திருக்கும் பிஸ்த்ரோ என்கிற சின்னச் சாப்பாட்டுக்கடை, அங்கே மதியச் சாப்பாடு. ஆறு மொழியில் லேமினேட் செய்த மெனு கண்டால் நடையைக் கட்டுங்கள். சட்டிக்கு மேல் வீட்டுக் கூரை போட்ட சின்னம் இருந்தால் அங்கேயே சமைத்தது என்று அர்த்தம். 2014-இலிருந்து அப்படி ஒரு சட்டம். குழாய்த் தண்ணீர் ஜாடி காசில்லாமல் தருவார்கள், சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். பிஸ்த்ரோவின் ஒரே குறை நேரம். ஒருமுறை மூன்று மணிக்கு மூச்சிரைக்கப் போய் நின்றேன், நாற்காலியெல்லாம் மேசைமேல் கவிழ்ந்திருந்தது. ஷார்தியேயில் அந்தத் தொல்லை இல்லை, மதியத்திலிருந்து நடுராத்திரி வரை அடுப்பு எரியும். ஆகவே பகலில் பிஸ்த்ரோ, நேரம் தப்பினால் புய்யோன்.

சைவக்காரர்கள் இரண்டிலும் திணறுவார்கள், சாலட்டில்கூடப் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். அவர்கள் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பக்கம் போகட்டும். 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களின் கடைத்தெரு அது. தோசை கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். வெளியே வரும்போது மளிகைக்கடையில் இடியாப்ப உரலும் புட்டுக்குழலும் கண்ணில் பட்டால் விலை கேட்டுப் பாருங்கள், தெஹிலெரன் விலை சொல்ல மாட்டார்கள்.